இரவில் கேட் சாவி யாரிடம் இருக்கும்?

கேள்வி: மகளுக்குக் கோவையில் கல்லூரி கிடைத்திருக்கிறது. தனியார் பெண்கள் ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறோம். வாடகை, சாப்பாடு தவிர வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (ஒரு வாசகி, தேனி)

முதலில் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த, 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். கேட்டதும் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்து, வெளியேறும் வழி. நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். தீ விபத்துகளில் நெருப்பைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. படிக்கட்டு வழியாக அது சில நிமிடங்களில் மேலே ஏறிவிடும். நம் ஊர் ஹாஸ்டல்கள் பல, வீடாகக் கட்டி விடுதியாக மாற்றியவை. ஒரே படிக்கட்டு, அதன் அடியில் வண்டிகள், பால்கனி முழுக்கக் கிரில், பத்து மணிக்கு மேல் கேட்டில் பூட்டு. பாதுகாப்புக்குத்தான் பூட்டுகிறார்கள், சரி. சாவி வார்டன் தலையணைக்கு அடியில் இருந்தால் ஆபத்து நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? உள்ளிருந்து உடனே திறக்க முடிகிறதா, மொட்டைமாடிக் கதவு திறக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள்.

அறையில் பிளக் பாயிண்டைக் குனிந்து பாருங்கள். துளையைச் சுற்றிப் பழுப்பேறி உருகியிருந்தால், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் ஓடியிருக்கலாம். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஷாக் அடிக்கும்போது மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்தால் அந்த ஹாஸ்டலே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயங்கி விழும்வரை தெரியாது.

டைபாய்டும் மஞ்சள் காமாலையும் பெரும்பாலும் தண்ணீரில் வருபவை. மேல் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று விசாரியுங்கள். அப்புறம் சிரங்கு. ராத்திரியில் அரிப்பு அதிகமானால் மகள் மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. அறையில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் போட்டு, துணி, போர்வையை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, தீயணைப்பு 101 இரண்டையும் மகளின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.