தொற்றுக் காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி: 3,000 வெள்ளியை எதில் செலவிடுவது?

கேள்வி: நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர். எங்கள் பள்ளியில் 94 மாணவர்களும் 13 ஆசிரியர்களும் உள்ளனர். சென்ற மாதம் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரே வாரத்தில் ஏழு பிள்ளைகளுக்கு இன்புளுவென்சா கண்டது. கோவிட் போல இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வோம் என்ற அச்சம் பெற்றோரிடம் எழுந்திருக்கிறது. சங்கத்தின் கையிருப்பு 3,000 வெள்ளி (ரிங்கிட்). வகுப்பறைகளுக்குக் கிருமிநாசினிப் புகை அடிக்கலாம் என்கிறார்கள் சிலர். மேசைதோறும் நெகிழித் தடுப்பு வைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். ஆசிரியர்களில் ஒருவர் கர்ப்பிணி, இன்னொருவர் நீரிழிவு நோயாளி. எதை முதலில் செய்ய வேண்டும்? பள்ளியை மூடச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி, புகை அடிப்பதற்கும் நெகிழித் தடுப்புக்கும் ஒரு காசுகூடச் செலவிட வேண்டாம். கட்டடத்தின் உள்ளே கிருமிநாசினியைத் தெளிப்பதையும் புகையாக அடிப்பதையும் கோவிட் தடுப்புக்கான வழக்கமான முறையாகக் கொள்ளக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே அறிவுறுத்தியது. ஆட்கள் மீது தெளிப்பதை எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்றது. காலையில் புகை அடித்த அறைக்குள் ஏழரை மணிக்கு இருமலோடு ஒரு பிள்ளை வந்து அமர்ந்தால், அடித்த மருந்துக்கு அங்கே வேலை இல்லை; ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அதன் நெடியே தொல்லையாகும். நெகிழித் தடுப்பு எதிரே தெறிக்கும் எச்சிலை ஓரளவு நிறுத்துமே தவிர, காற்றில் மிதப்பதை நிறுத்தாது. அறைக்குள் காற்று ஓடும் வழியையும் அது மறித்துவிடும்.

இன்புளுவென்சாவும் கோவிட்டும் பெரும்பாலும் மூச்சின் வழியாகவே பரவுகின்றன. பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். நுண்ணிய துளிகளோ காற்றோட்டம் இல்லாத அறையில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். வீட்டின் ஒரு மூலையில் சாம்பிராணி போட்டால், கதவு ஜன்னல் அடைத்திருக்கும்போது அந்த வாசம் எவ்வளவு நேரம் நிற்கிறது, இரு பக்கமும் திறந்துவிட்டால் எவ்வளவு விரைவில் போய்விடுகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். கிருமி கலந்த மூச்சுக்கும் அதே கதிதான். ஆகவே உங்கள் பணத்தில் பெரும்பகுதி காற்றுக்குப் போக வேண்டும். அதற்கு நிகரான கவனம் இன்னொன்றுக்கும் வேண்டும், காய்ச்சல் கண்ட பிள்ளை வீட்டிலேயே இருப்பதற்கு வழி செய்வது. அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

காற்றைப் பொறுத்தவரை பழைய தோட்டப் பள்ளிகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. உயரமான கூரை, இரு பக்கச் சுவரிலும் நாம் 'நாக்கோ' என்று சொல்லும் கண்ணாடிப் பலகை ஜன்னல்கள், வெளியே நீண்ட தாழ்வாரம் என்று வெயில் நாட்டுக்கு ஏற்பக் கட்டிய கட்டடங்கள் அவை. சிக்கல் என்னவென்றால், நான் பார்த்த பல பள்ளிகளில் அந்த நாக்கோவின் கைப்பிடி துருப்பிடித்துப் பாதித் திறப்பிலேயே நின்றுவிட்டிருக்கும். அல்லது ஜன்னலை மறைத்துப் புத்தக அலமாரியும் அறிவிப்புப் பலகையும் நிற்கும். உங்கள் 3,000 வெள்ளியின் முதற்செலவு இந்தக் கைப்பிடிகளைப் பழுது பார்ப்பதாக இருக்கட்டும். அலமாரியை நகர்த்தப் பணமே தேவையில்லை, ஒரு சனிக்கிழமைக் கூட்டுப்பணி போதும்.

பிள்ளைகள் வீடு திரும்பிய பின் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னலருகே பிடியுங்கள். புகை வெளியே இழுக்கப்படுகிறதா, உள்ளே தள்ளப்படுகிறதா, அல்லது ஆடாமல் நேராக மேலே எழுகிறதா என்று கவனியுங்கள். நேராக எழுந்தால் அந்த இடத்தில் காற்று ஓடவில்லை. அங்கே ஒரு நிற்கும் விசிறியை ஜன்னலை ஒட்டி வெளிப்பக்கம் பார்த்து வைத்து, எதிர்ப்பக்க ஜன்னல்களைத் திறந்துவிட்டால், உள்ளிருக்கும் காற்று வெளியேறிப் புதுக்காற்று வரத் தொடங்கும். கூரை விசிறி மட்டும் போதாது. ஜன்னல் அடைத்த அறையில் அது அதே காற்றைத்தான் சுழற்றிக்கொண்டிருக்கும்.

குளிர்சாதன அறைகளைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. சுவரில் பொருத்தும் சாதாரண ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. ஆகவே பள்ளியில் எனக்கு அதிகக் கவலை தருவது பெரும்பாலும் வகுப்பறை அன்று. கதவடைத்த ஆசிரியர் அறையும் கணினி அறையும்தான். பெரியவர்கள் முகக்கவரியைக் கழற்றித் தேநீர் அருந்திக்கொண்டு பேசும் இடம் ஆசிரியர் அறை. தொற்று பரவும் வாரங்களில் அங்கே ஏர்கோனை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்பதே நல்லது. முடியாவிட்டால் ஏர்கோன் ஓடும்போதே இரண்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மின்கட்டணம் சற்றுக் கூடும், கூடட்டும்.

இதையெல்லாம் அளந்து பார்க்க ஒரு கருவி உண்டு. நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு மிகுதி என்பதால், அறையில் அதன் அளவு ஏற ஏறப் பிறர் விட்ட மூச்சை நாம் அதிகமாக உள்ளிழுக்கிறோம் என்று பொருள். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும். வகுப்பில் 800 பங்குக்குள் இருந்தால் காற்றோட்டம் நன்று எனக் கொள்ளலாம். 1,000-ஐத் தாண்டினால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் கருவி ஒன்றை வாங்கிப் பள்ளி முழுவதற்கும் சுற்றில் விடுங்கள். பிள்ளைகள் அமரும் உயரத்தில், ஜன்னலுக்கும் எவருடைய முகத்துக்கும் நெருக்கமின்றி வைத்து, பாடம் முடியும் தறுவாயில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களே இதை அறிவியல் பாடமாகச் செய்யலாம்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 189 கன மீட்டர். ஓர் அறையின் காற்று மணிக்கு 5 முறையாவது மாற வேண்டும் அல்லது வடிகட்டப்பட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் பரிந்துரைத்தது. அப்படியானால் மணிக்கு 945 கன மீட்டர் தேவை. படுக்கையறைக்கென விற்கும் சிறு கருவி ஒன்று மணிக்கு 200, 300 கன மீட்டர்தான் வடிகட்டும். ஆகவே வகுப்புக்கு ஒன்று வாங்கி வைத்துவிட்டு ஜன்னலை அடைத்துவிடாதீர்கள். ஜன்னல் திறக்கவே முடியாத ஓர் அறைக்கு மட்டும், தேவையான திறனுடையதை வாங்குங்கள்.

வகுப்புக்கு வெளியே இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று சிற்றுண்டிச்சாலை. எல்லாரும் முகக்கவரி இல்லாமல் எதிரெதிரே அமர்ந்து சத்தமாகப் பேசும் இருபது நிமிடம் அது. தொற்று பரவும் வாரங்களில் ஓய்வு நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள், வகுப்பு வகுப்பாகத் தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ உண்ணட்டும். மற்றொன்று பள்ளி வேன். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் நெருக்கியடித்து அமரும் அந்த வேனில் ஜன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும், ஓட்டுநர் உட்பட அனைவரும் முகக்கவரி அணிய வேண்டும். திருக்குறளையும் வாய்பாட்டையும் வகுப்பே ஒன்றுகூடி உரத்த குரலில் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை அறைக்கு வெளியே நடத்துங்கள். உரத்த குரல் மெல்லிய குரலைவிடப் பன்மடங்கு நுண்துளிகளை வெளியேற்றும்.

கைகழுவுதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோப்பும் தண்ணீரும் கொண்டு 20 விநாடி. கைக்கிருமிநாசினி சோப்புக்கு மாற்று ஆகாது, குறிப்பாக நம் பிள்ளைகளை அடிக்கடி வாட்டும் கை-கால்-வாய்ப்புண் நோய்க் கிருமியின் மீது அது சரிவர வேலை செய்யாது. கதவுப் பிடி, குழாய், மேசை போன்றவற்றைத் துடைக்க 5 விழுக்காட்டு வெளுப்பானில் 20 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் போதும். அன்றன்று கலக்க வேண்டும். கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும். துப்புரவுப் பணியாளருக்குக் கையுறையும் இந்த எச்சரிக்கையும் சேர்த்தே தரப்பட வேண்டும்.

இனி, என் மனத்தில் முதலிடம் பெறும் செய்திக்கு வருகிறேன். தோட்டப்புறக் கிளினிக்கில் பணியாற்றிய காலத்தில் ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு பிற்பகல் நான்கு மணிக்கு வந்தார். காலையில் அவனுக்கு 38.5 பாகை காய்ச்சல் இருந்ததை அவர் அறிந்திருந்தார். பனடோல் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உதிரிப் பழம் பொறுக்கச் செம்பனைக் காட்டுக்குப் போய்விட்டார். அவருடைய காலணியில் அப்போதும் மண் ஈரம் காயவில்லை. "ஒரு நாள் போகலன்னா ஒரு நாள் சம்பளம் போச்சு டாக்டர், வீட்ல பாத்துக்க யாரு இருக்கா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. நம் தொழிலாளர் சட்டம் தரும் மருத்துவ விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்கே உரியது. பிள்ளையின் காய்ச்சலுக்கு அன்று. விடியுமுன் வந்து நிற்கும் தொழிற்சாலைப் பேருந்தில் ஈப்போவுக்குப் போகும் பெற்றோரின் நிலையும் இதுவே. "காய்ச்சல் இருந்தால் அனுப்பாதீர்கள்" என்று புலனக் குழுவில் எத்தனை முறை எழுதினாலும், இந்தக் கேள்விக்கு விடை இல்லாதவரை பிள்ளை வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே சங்கம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று பெயர்கள் கொண்ட பட்டியல் தயாரியுங்கள்: பெற்றோர் வேலையில் இருக்கும்போது பிள்ளையை அழைத்துப் போகவும் பார்த்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்ட பாட்டி, பெரியம்மா, பக்கத்து வீட்டார் ஆகியோரின் பெயரும் கைப்பேசி எண்ணும். செம்பனைக் காட்டுக்குள் தொடர்பு கிடைக்காத பெற்றோருக்கு மண்டோரின் (வேலை மேற்பார்வையாளரின்) எண்ணையும் வாங்கி வையுங்கள். பாட்டிக்கு வயதாகியிருந்தால் அவரிடமே நோயை ஒப்படைத்துவிடக் கூடாது. அந்த வீட்டுக்கு வேறு பெயர் தேடுங்கள். பிள்ளையை வீட்டுக்கு ஏற்றிச் செல்லும் வண்டிச் செலவுக்காகக் கையிருப்பில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்குங்கள். தோட்ட நிர்வாகியைத் தலைமையாசிரியரோடு சென்று சந்தித்து, தொற்று பரவும் வாரங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தொழிலாளிக்கு வேலை நேரத்தை மாற்றிக் கொடுக்கும்படி கேளுங்கள். காய்ச்சல் தோட்டம் முழுவதும் பரவி வேலைக்கு ஆள் குறைவதைவிட இது அவருக்கும் நல்லது.

முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆண்டிறுதி விழாவில் மேடையேறும் ஆசையில் இருமிக்கொண்டே வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்காமல் பெற்றோரின் செய்தியையே ஏற்றுக்கொள்ள முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பேசுங்கள். வராத பிள்ளைக்குப் பயிற்சித்தாள் போய்ச் சேர வேண்டும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகளை நாம் மறக்கவில்லை. இன்புளுவென்சா கண்ட பிள்ளை, காய்ச்சல் மருந்தின் உதவியின்றிக் காய்ச்சல் இல்லாமல் முழுதாக 24 மணி நேரம் கழிவதற்குமுன் திரும்பக் கூடாது. மருத்துவர் கூடுதல் நாள் சொன்னால் அதுவே கணக்கு. வேகமாக மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாய்தல், எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல், தண்ணீரும் குடிக்காமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பட்டியலைப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பள்ளி நேரத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளையை அலுவலகத்திலோ ஆசிரியர் அறையிலோ உட்கார வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தாழ்வாரத்தின் ஓர் ஓரத்தில் ஒரு நாற்காலியும் தண்ணீரும் வைத்து, பிள்ளை தனித்துவிடப்பட்டதாக உணராதபடி முகக்கவரி அணிந்த பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருக்கட்டும்.

கர்ப்பிணி ஆசிரியையும் நீரிழிவுள்ள ஆசிரியரும் இன்புளுவென்சாவால் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடியவர்கள். இருவரும் ஆண்டுதோறும் போடும் இன்புளுவென்சா தடுப்பூசியைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்ப காலத்திலும் அது பாதுகாப்பானது. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், நோய் பரவியபின் ஓடுவதில் பயன் குறைவு. சாதாரண முகக்கவரி கன்னத்தில் இடைவெளி விடும். இவர்களுக்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் கே.எஃப்.94 அல்லது என்95 வகையைச் சங்கம் வாங்கித் தரட்டும். முகக்கவரியோடு குரலுயர்த்திப் பாடம் நடத்துவது தொண்டையை வருத்துவதால், இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றும் வேண்டும். பரவல் உள்ள வகுப்பின் மாற்றுப்பாட நேரங்களை இவர்களுக்குக் கொடுக்காதிருப்பது துணைத் தலைமையாசிரியரின் கையில் இருக்கிறது.

புகைமூட்டக் காலத்தில் ஜன்னலைத் திறப்பதா என்று கேட்பீர்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கைகள் நிறுத்தப்படுகின்றன, 200-ஐத் தாண்டினால் பள்ளிகள் மூடப்படுகின்றன. இடைப்பட்ட நாட்களில் ஜன்னலைக் குறைத்து, சுத்திகரிப்பான் உள்ள அறைக்கு இளைய வகுப்பையும் ஆஸ்துமா பிள்ளைகளையும் மாற்றி, மற்றவர்கள் ஒட்டி நிற்கும் முகக்கவரி அணிவதே செய்யக்கூடியது. அது புகையையும் கிருமியையும் சேர்த்தே தடுக்கும்.

பள்ளியை மூடுவது சங்கமோ தலைமையாசிரியரோ தனித்து எடுக்கும் முடிவன்று. 2025 அக்டோபரில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 மாணவர்களுக்கு இன்புளுவென்சா கண்டபோது மூடப்பட்டவை சில பள்ளிகளே. ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே அறிகுறி தெரிந்த அன்றே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். ஏழு பேர் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். அவர்கள் வரும்போது கேட்கப்போவது நான்கு விவரங்கள்: எந்த வகுப்பு, எந்த நாளில் அறிகுறி தொடங்கியது, என்ன அறிகுறி, எந்த வேனில் வந்த பிள்ளை. வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டோடு சேர்த்து ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் இவற்றை நாள்தோறும் எழுதி வரட்டும்.