டாக்டர் சட்டசபைக்கு வந்த கதை

கேள்வி: முத்துலட்சுமி ரெட்டிக்குச் சின்ன வயதிலிருந்தே அரசியல் ஆசை உண்டா?

பதில்: இல்லை. படிக்கத்தான் ஆசை, அதுவே பெரிய போராட்டம். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று மாணவர்களின் பெற்றோர்கள் கொதிக்க, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். பையன்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டாராம், நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது! 1912-ல் டாக்டர். அப்புறம் மாதர் சங்கத்தார் வற்புறுத்தி, வைத்தியம் கெடுமே என்று தயங்கியவரைச் சென்னை மாகாணச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்; 1927-ல் துணைத் தலைவரும் ஆனார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர், அதனால்தான் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே அப்படி வாதாடினார். காந்தி கைதானதும், 1930-ல், பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டார்.