திரையில் வரிகள் ஏன் சாய்கின்றன?

கேள்வி: கொழுந்து எடைக் கணக்குப் பார்க்க 8 அங்குல டேப்லட் வாங்கினோம். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மேலே தள்ளினால், அட்டவணைக் கோடுகள் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கின்றன. தள்ளுவதை நிறுத்தினால் நேராகிவிடுகின்றன. டிஸ்ப்ளேயை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: மாற்றாதீர்கள். அதே மாடல் டிஸ்ப்ளேயைப் புதிதாகப் போட்டாலும் பெரும்பாலும் இதே சாய்வுதான் வரும். இதற்கு 'ஜெல்லி ஸ்க்ரோலிங்' என்று பெயர்.

எல்.சி.டி. திரை முழுதும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. ஓர் ஓரத்தில் தொடங்கி, வரிசை வரிசையாக மறு ஓரம் வரை புதுப்படம் எழுதப்படுகிறது. நொடிக்கு 60 முறை படம் மாறும் (60 ஹெர்ட்ஸ்) திரையில் இதற்கு ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்ட் ஆகும். எழுதும் திசையும் நாம் தள்ளும் திசையும் ஒன்றாக இருந்தால் வரிகள் துளி நெருங்கும் அல்லது விலகும். கண்ணுக்கு அது அவ்வளவாகப் படாது. உங்கள் டேப்லட்டில் எழுதுவது பக்கவாட்டில், தள்ளுவது மேல் நோக்கி. ஓர் ஓரம் புது இடத்துக்கு வந்த பிறகும் மறு ஓரம் பழைய இடத்திலேயே நிற்கிறது.

எவ்வளவு சாயும்? நொடிக்கு 3,000 பிக்சல் வேகத்தில் தள்ளினால், 16.7 மில்லிசெகண்டில் 50 பிக்சல் நகர்ந்துவிடும். அங்குலத்துக்கு 326 பிக்சல் உள்ள திரையில் இது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். கதை படிக்கும்போது இது தப்பிப்போகலாம். கட்டம் போட்ட எடைக் கணக்கில், 'கிலோ' பத்தி மேலேயும் பெயர்ப் பத்தி கீழேயுமாக நிற்பது உடனே உறுத்தும். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. 2021-இல் வந்த ஐபேட் மினியில் இதைப் பலரும் கவனித்தார்கள், எல்.சி.டி. திரைக்கு இது இயல்பு என்றே ஆப்பிள் பதில் சொன்னது. இயல்புதான், ஆனால் எல்லா டேப்லட்டிலும் இவ்வளவு தெரிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உறுதி செய்ய மூன்று சோதனைகள். முதலில் டேப்லட்டைப் படுக்கை வாட்டில் திருப்பி, அதே அட்டவணையை அதே வேகத்தில் தள்ளுங்கள். சாய்வு மறைந்தால் பாதி முடிவு தெரிந்துவிட்டது. அடுத்து, நிமிர்த்திப் பிடித்து ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து, அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பதிவில் கோடு நேராக இருந்தால் மென்பொருளில் குற்றமில்லை. பதிவிலேயே சாய்ந்திருந்தால் ஆப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். மூன்றாவதாக, நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதியுள்ள போனால் திரையைப் படமெடுங்கள். ஒரு புதுப்பிப்பு முடிய 4 படங்கள் ஆகும். ஒரு பாதி முந்துவதும் மறு பாதி பின்தொடர்வதும் பளிச்சென்று தெரியும். கடைக்காரரிடம் காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை.

கணக்கைப் படுக்கை வாட்டில் பாருங்கள், பி.டி.எஃப். என்றால் தள்ளாமல் பக்கம் பக்கமாகப் புரட்டும் முறைக்கு மாற்றுங்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 120 ஹெர்ட்ஸ் இருந்தால் அதை வையுங்கள்: எழுதும் நேரம் 8.3 மில்லிசெகண்டாகக் குறைந்து, சாய்வும் பாதியாகும். கரண்ட் போய்ப் போய் வருகிறதென்று பேட்டரி சேவரை எப்போதும் போட்டு வைப்பவர்கள் கவனிக்க: பல டேப்லட்களில் அது 120-ஐ 60-க்கு இறக்கிவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடு இன்னும் இருந்து, நாள் முழுக்க நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டுமென்றால், கொடுத்துவிட்டு வேறு மாடல் வாங்குங்கள். அந்த மாடலையும் கடையிலேயே கட்டம் போட்ட தாளைத் திறந்து தள்ளிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மார்கழிக் காலையில் எழுத்துகளுக்குப் பின்னால் நிழல் இழுபடுகிறது. வெயில் ஏறினால் சரியாகிறது. இதுவும் அதுதானா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: இல்லை. இது குளிரின் வேலை. குளிரில் திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் கெட்டியாகி மெல்லத் திரும்புகிறது. பழைய எழுத்து மறையும் முன் புதியது வந்துவிடுகிறது. படுக்கை வாட்டில் திருப்பினாலும் நிழல் போகாது; வேறுபாடு அதுதான். ஐபேட்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை பயன்படுத்தலாம் என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. உறைபனி விழும் இரவில் காரிலோ வராந்தாவிலோ விட்டால் அந்தக் கீழ் எல்லையைத் தொட்டுவிடும்.

அறைச் சூட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள். கணப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ அருகில் வைக்க வேண்டாம். வெளிக்குளிரிலிருந்து சட்டென்று சூடான அறைக்குக் கொண்டுவந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். ஜிப் கவரில் போட்டுக் கொண்டுவந்து, சூடேறும் வரை கவரைப் பிரிக்காதீர்கள். ஈரம் கோத்திருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது.

கேள்வி: டெம்பர் கிளாஸை எடுத்துவிட்டால் சாய்வு போகுமா?
- வாசகர், குன்னூர்

பதில்: போகாது. கண்ணாடி மேலே இருக்கிறது, சாய்வு பேனலில் உண்டாகிறது. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும்.