மாதம் தவறாத வலது வயிற்று வலி: மகளிர் மருத்துவர் பதில்கள்

கே: ஒவ்வொரு மாதவிலக்கிலும் வலது அடிவயிறு குத்தி எடுக்கிறது. அவசரப் பிரிவில் அப்பெண்டிக்ஸ் (குடல்வால் அழற்சி) என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லையாம். பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். (வாசகி, செந்தூல்)

ப: குடல்வால் அழற்சி தேதி பார்த்து வந்து போவதில்லை. வந்தால் ஓரிரு நாளில் முற்றி ஆளைச் சாய்த்துவிடும். உங்கள் வலி மாதவிலக்கோடு வருவதால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்வதுதான் இது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10% பேருக்கு உண்டு. பெரும்பாலும் சூலகத்திலும் கருப்பைக்குப் பின்னாலும் இருக்கும். சிலருக்குக் குடல்வாலில், குறிப்பாக நுனிப்பக்கம். அத்தனை சிறிய திட்டு ஸ்கேனில் சிக்காமல் போவது சகஜம். ஸ்கேன் சுத்தமாக இருந்தால் வலி கற்பனை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வலித்த நாள், விலக்கான நாள், சாப்பிட்ட மாத்திரை மூன்றையும் நாட்காட்டியில் குறித்து, கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார மருந்தகத்தில்) காட்டி, மகப்பேறு நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான துங்கு அஸிஸா மருத்துவமனை இருக்கிறது. ஆனால் காய்ச்சல், வாந்தியோடு வலி ஏறிக்கொண்டே போனால் ‘வழக்கமானதுதான்’ என்று இருந்துவிடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கே: சாக்லேட் கட்டிக்கு (எண்டோமெட்ரியோசிஸால் சூலகத்தில் வரும் கட்டி) லேப்ராஸ்கோபி என்ற சிறுதுளை அறுவை செய்யும்போது குடல்வாலையும் எடுக்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கு இன்னும் பிள்ளை இல்லை. பயமாக இருக்கிறது. (வாசகி, பட்டர்வொர்த்)

ப: குடல்வாலை எடுப்பதால் கருத்தரிப்பு கெடாது. அது வீங்கியோ, மடங்கியோ, ஒட்டியோ இருந்தால் எடுப்பதே சரி. பார்வைக்கு நன்றாக இருந்தால் எங்களுக்குள்ளேயே இரு கட்சி உண்டு: வெளியே பளிச்சென்று இருந்ததில்கூட மைக்ராஸ்கோப்பில் நோய் தெரிந்ததுண்டு என்பார் ஒருவர், காரணமில்லாமல் ஏன் வெட்ட வேண்டும் என்பார் இன்னொருவர். நீண்டநாள் வலது பக்க வலியோ, ஆழமாகப் பரவிய நோயோ இருந்தால் நான் எடுக்கும் கட்சி, இல்லையென்றால் விட்டுவிடுவேன். கையெழுத்துக்கு முன் ஒப்புதல் படிவத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அறிக்கையின் நகலையும் வாங்கி வையுங்கள்.

கே: மகளுக்கு 19 வயது. கல்யாணம் ஆனால் மாதவிலக்கு வலி போய்விடும் என்கிறார் மாமியார். (வாசகி, ஜெலுத்தோங்)

ப: போகாது. பிள்ளை பெற்றாலும் நோய் குணமாகிவிடாது. மகளை இப்போதே டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: குடல்வாலை எடுத்தாயிற்று, அறிக்கையிலும் எண்டோமெட்ரியோசிஸ் என்றே வந்தது. ஆனாலும் வலி நிற்கவில்லையே டாக்டர்? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

ப: எடுத்தது ஓர் இடத்தை மட்டும்தான், மற்ற இடங்களில் மிச்சம் இருக்கலாம். டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரையோ கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்போ பொருந்துமா என்று கேளுங்கள். வருடக்கணக்கில் வலித்த இடுப்புத் தசைகள் இறுகிப்போயும் வலிக்கும். அதற்குப் பிசியோதெரபி உதவும்.