எது மாறவில்லை என்று முதலில் பாருங்கள்: ஒளி, கண், மின்சாரம் கேள்வி-பதில்

வழக்கமான புகாரோடு தொடங்கிவிடுகிறேன். "விடை 4 சரியா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? எதில் நான்கு? மீட்டரா, ஆம்பியரா, டையாப்டரா? கூட்டல் குறியா, கழித்தல் குறியா? அலகும் குறியும் இல்லாத எண்ணை நான் விடை என்றே எடுத்துக்கொள்வதில்லை. எண்களை என் வசதிக்கு முழுமையாக்கித்தான் எழுதியிருக்கிறேன். தசமத்துக்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

கே: 25 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்சின் திறன் எனக்கு 0.04 என்று வருகிறது. புத்தகத்தில் 4 என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

ப: பிழை உங்களுடையது. குவியத் தூரத்தை மீட்டரில் போடவேண்டும். ஒன்றை 0.25-ஆல் வகுத்தால் +4 டையாப்டர் (லென்சின் திறனுக்கு அலகு அதுதான்). புத்தகத்தைச் சந்தேகிக்கும் முன் அலகைச் சந்தேகியுங்கள்.

கே: குவிலென்சின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் பாதி பிம்பம்தானே விழும்?

ப: முழு பிம்பமும் விழும், மங்கலாக. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி லென்சின் எல்லாப் பகுதிகள் வழியாகவும் போகிறது. கதிர்ப்படத்தில் நாம் வரையும் இரண்டு கோடுகள் நம் வசதிக்காக வரைந்தவை. ஒளி அந்த இரண்டு கோடுகளில் மட்டும் போவதில்லை.

கே: என் கண்ணாடிச் சீட்டில் −2.50 என்று இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரம் வரை எனக்குத் தெளிவாகத் தெரியும்?

ப: குறியோடு எழுதியதற்கு நன்றி. ஒன்றை 2.5-ஆல் வகுத்தால் 0.4 மீட்டர். ஆக, உங்கள் சேய்மைப் புள்ளி கண்ணிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. அதற்கு அப்பால் உள்ள எதுவும் மங்கல்தான். கழித்தல் குறி என்றால் குழிலென்சு. அதன் வேலை, வெகு தொலைவில் உள்ள பொருளின் மாய பிம்பத்தை இந்த 40 செ.மீ.க்குக் கொண்டுவந்து வைப்பது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, வீட்டில் அளவுகோலை வைத்து அளந்து கண்ணாடிக்குச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்பதில்லை; சிதறல் பார்வையும் (எல்லாத் திசைக் கோடுகளும் ஒருசேரக் குவியாத குறை) சேர்ந்திருக்கலாம். மருத்துவரிடம் போங்கள்.

கே: தூரப்பார்வையும் வெள்ளெழுத்தும் ஒன்றுதானே? இரண்டுக்கும் குவிலென்சுதானே கொடுக்கிறார்கள்?

ப: மருந்து ஒன்றாக இருந்தால் நோயும் ஒன்றாகிவிடாது. தூரப்பார்வையில் பெரும்பாலும் கண்கோளம் குட்டையாக இருக்கும். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழப் பார்க்கும். குழந்தைக்கும் வரும். வெள்ளெழுத்தில் கண்கோளத்தின் நீளத்தில் குறையில்லை. வயது ஏற ஏற விழிலென்சு இறுகிப்போய், கிட்டத்துக்குத் தகுந்தபடி தடிக்க மறுக்கிறது. பத்து வயதில் ஏழெட்டு செ.மீ. தூரத்தில் உள்ள எழுத்தைப் படிக்கலாம். நாற்பதைத் தாண்டினால் கை நீள வேண்டியிருக்கும். கிட்டப்பார்வை உள்ளவருக்கும் வெள்ளெழுத்து வரும். அவருக்குத்தான் மேல்பாதி குழி, கீழ்ப்பாதி குவி என்று இருகுவிய லென்சு கொடுக்கிறார்கள்.

கே: தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. விழிலென்சு உள்ளேதானே இருக்கிறது, அதைத் தண்ணீர் தொடவே இல்லையே?

ப: இந்த முறை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கண்ணில் ஒளியைக் குவிக்கும் வேலை முழுவதும் விழிலென்சுக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டையாப்டர். அதில் 40-க்கு மேல் முன்னால் இருக்கும் கார்னியாவின் வளைந்த பரப்பில் நடக்கிறது. விழிலென்சின் பங்கு மூன்றில் ஒன்றுதான்; அதன் சிறப்பு, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிவது. ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதன் அளவு) கார்னியாவுக்குச் சுமார் 1.38, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. காற்றிலிருந்து நுழையும்போது நன்றாக வளைந்த கதிர், தண்ணீரிலிருந்து நுழையும்போது ஏறக்குறைய நேராகவே போய்விடுகிறது. நாற்பது டையாப்டரும் போயிற்று. நீச்சல் கண்ணாடியில் லென்சு எதுவும் இல்லை; கார்னியாவுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை நிறுத்தி வைக்கிறது, அது போதும்.

கே: விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்றால் உலகம் ஏன் தலைகீழாகத் தெரிவதில்லை?

ப: விழித்திரையில் விழும் படத்தை உள்ளே உட்கார்ந்து யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நரம்பு வழியாகப் போவது மின்குறிப்புகள். எந்தக் குறிப்பு மேலே, எது கீழே என்பதை மூளை, கை கால் அசைவோடு பழகிப் பொருத்திக்கொள்கிறது. 1890களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும் லென்சைத் தானே அணிந்து பார்த்தார். முதலில் தடுமாறினார், சில நாட்களில் கைகால் பழகிவிட்டது.

கே: 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி கண்ணாடிக்குள் போனதும் 400 ஆகிவிடுகிறது. 400 என்றால் ஊதா. கண்ணாடிக்குள் நிறம் மாறுகிறதா?

ப: மாறாது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போகும்போது திசைவேகமும் அலைநீளமும் குறைகின்றன; அதிர்வெண் அப்படியே இருக்கிறது. நிறத்தை அதிர்வெண்ணோடு கட்டிவையுங்கள். "400 என்றால் ஊதா" என்ற பட்டியல் வெற்றிடத்துக்கு எழுதப்பட்டது. காற்றிலும் ஏறத்தாழ அதுவே. எது மாறவில்லை என்று முதலில் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. இதே அறிவுரை கீழே இன்னும் நீளமாக வருகிறது, தயாராக இருங்கள்.

கே: மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது. ஆனால் ஒளியியல்படி அது தண்ணீரைவிட அடர்மிகு ஊடகம் என்கிறார் ஆசிரியர். யார் சொல்வது சரி?

ப: ஆசிரியர். ஒளிவிலகல் எண் 1.44, தண்ணீருக்கு 1.33. இந்த அடர்த்திக்கும் எடைக்கும் தொடர்பில்லை.

கே: ஜூல் விதியை ஐ ஸ்கொயர் ஆர் என்று எழுதினால் மின்தடை கூடும்போது வெப்பம் கூடுகிறது. வி ஸ்கொயர் பை ஆர் என்று எழுதினால் குறைகிறது. எந்தச் சூத்திரம் சரி? தேர்வில் எதைப் போடுவது?

ப: எதைப் போடுவது! இந்த ஒரு சொற்றொடரைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இயற்பியல், சூத்திரத்தைத் தேர்ந்தெடுத்து நிரப்பும் படிவம் அல்ல. ஐ மின்னோட்டம், வி மின்னழுத்த வேறுபாடு, ஆர் மின்தடை. இரண்டும் சரி. இரண்டும் ஒன்றே. கேள்வி எழுதியவர் கேட்க மறந்தது ஒன்று: மின்தடையை மாற்றும்போது எதை மாறாமல் பிடித்து வைத்திருக்கிறோம்?

பக்க இணைப்பில் எல்லாக் கருவிகளுக்கும் மின்னழுத்த வேறுபாடு ஒன்று. அங்கே மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், மின்திறனும் கூடும். வி ஸ்கொயர் பை ஆர் கையில் எடுத்தால் நேராக விடை. தொடர் இணைப்பில் மின்னோட்டம் ஒன்று. மின்தடை எங்கே அதிகமோ அங்கேதான் வெப்பம் அதிகம். ஹீட்டரின் நிக்ரோம் சுருள் செக்கச்செவேல் என்று எரியும்போது அதே மின்னோட்டத்தைக் கொண்டுவரும் செம்புக் கம்பி குளிர்ந்து கிடப்பது இதனால்தான்.

சோதித்துப் பாருங்கள், தாளில். 220 வோல்ட் என்று முத்திரையிட்ட இரண்டு இழை பல்புகள், ஒன்று 60 வாட், ஒன்று 100 வாட். மின்தடைகள் முறையே சுமார் 800 ஓம், 480 ஓம். பக்க இணைப்பில் 100 வாட் பல்பு பிரகாசம், சந்தேகமில்லை. தொடரில் இணைத்து அதே 220 வோல்ட் கொடுத்தால்? மின்னோட்டம் 0.17 ஆம்பியர். 60 வாட் பல்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 23 வாட், 100 வாட் பல்புக்கு 14. முத்திரையை மட்டும் பார்த்துப் பதில் எழுதியவர்கள் இங்கே விழுவார்கள். (இழை முழுச் சூடு அடையாததால் உண்மையில் மின்தடை இன்னும் குறைவாக இருக்கும், எண்கள் மாறும், எது பிரகாசம் என்பது மாறாது.)

இதைவிட மோசமான இடறல் ஒன்று உண்டு. மின்சாரத்தைத் தொலைதூரம் அனுப்ப உயர் மின்னழுத்தம் ஏன் என்று கேட்டால், "வி ஸ்கொயர் பை ஆர் படி இழப்பு கூடத்தானே வேண்டும்" என்று வாதாட வருகிறார்கள். தம்பி, அந்த வி எதற்குக் குறுக்கே உள்ள வி? 100 கிலோவாட்டை 10,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 10 ஆம்பியர். கம்பியின் மின்தடை 10 ஓம் என்றால், கம்பியின் இரு முனைகளுக்கு இடையே விழும் மின்னழுத்தம் 100 வோல்ட் மட்டுமே. 100-ன் வர்க்கத்தைப் பத்தால் வகுங்கள்: 1000 வாட். ஐ ஸ்கொயர் ஆர் போட்டாலும் அதே 1000 வாட். அந்த இடத்தில் 10,000 வோல்ட்டைத் தூக்கிப் போட்டால் இழப்பு ஒரு கோடி வாட் என்று வரும். அனுப்பியதைப்போல நூறு மடங்கு! விடை இப்படி வந்தும் கோடிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. இதே 100 கிலோவாட்டை 1000 வோல்ட்டில் அதே கம்பியில் அனுப்பினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மறுமுனைக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே, மின்தடை மாறுகிறது என்று படித்தவுடன் ஓரத்தில் எழுதுங்கள்: மாறாதது எது? வி என்று வந்தால் பக்கத்தில் எழுதுங்கள்: எந்த இரு புள்ளிகளுக்கு இடையே? பிறகு பேனாவைத் தொடலாம்.

கே: அப்படியானால் பழைய ஹீட்டர் சுருளைப் பாதியாக வெட்டி மாட்டினால் இரு மடங்கு வேகமாகச் சூடாகுமா?

ப: கணக்குப்படி ஆம், மின்திறன் இரு மடங்கு. உண்மையில் சுருள் அந்த வெப்பத்துக்குச் செய்யப்பட்டதல்ல. எரிந்துபோகும், இணைப்புக் கம்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். தாளில் மட்டும் வெட்டுங்கள்.

கே: ஒரு கம்பியின் நீளத்தை இரு மடங்காக்கினால் மின்தடை என்ன ஆகும்? அவசரம், நாளை தேர்வு.

ப: அவசரத்தில் பாதிக் கேள்வியைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். இன்னொரு துண்டை ஒட்டி நீட்டினீர்களா, இதே கம்பியை இழுத்து நீட்டினீர்களா? ஒட்டினால் தடிமன் மாறாது. மின்தடை இரு மடங்கு. இழுத்தால் மாறாதது கன அளவு. குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும், மின்தடை நான்கு மடங்கு. மின்தடை எண் கம்பி செய்த பொருளின் குணம், அது இரண்டிலும் அப்படியே. தேர்வு முடிந்திருக்கும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கே: படத்தில் உள்ள சுற்றின் தொகுபயன் மின்தடை என்ன?

ப: படம் எங்கே?

கே: சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிகிறது. எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஓடுகின்றன என்று எழுதலாமா?

ப: எழுதினால் மதிப்பெண் போகும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் நொடிக்கு 0.1 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஒரு மீட்டர் நகர ஏறத்தாழ நான்கு மணி நேரம். வேகமாகப் பரவுவது மின்புலம். ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருக்கும் குழாயின் ஒரு முனையில் திறந்தால் மறுமுனையில் உடனே கொட்டுகிறதல்லவா, அதுபோல. கம்பி எங்கும் எலக்ட்ரான்கள் முன்பே நிரம்பி நிற்கின்றன. இழைக்குள் இருக்கும் எலக்ட்ரான்களே அங்கே நகரத் தொடங்கிவிடுகின்றன. மாறுதிசை மின்னோட்டத்தில் அவை எங்கும் போய்ச் சேர்வதுகூட இல்லை, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன. இன்னொன்று: பல்பில் மின்னோட்டம் "செலவாகிறது" என்று சிலர் எழுதுகிறார்கள். உள்ளே எவ்வளவு போகிறதோ அவ்வளவும் வெளியே வருகிறது. செலவாவது ஆற்றல்.

கே: மின்கம்பியில் உட்காரும் பறவைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

ப: இரண்டு கால்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. நீங்கள் தரையில் நிற்கிறீர்கள், உங்களுக்கு உண்டு. தொடாதீர்கள்.

கே: குறைந்த அலைநீளம்தான் அதிகம் சிதறும் என்றால் வானம் ஊதாவாக அல்லவா இருக்கவேண்டும்?

ப: நல்ல சந்தேகம். ராலே சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதம். 700 நானோமீட்டர் சிவப்பைவிட 400 நானோமீட்டர் ஊதா ஒன்பது மடங்குக்கு மேல் சிதறுகிறது. ஆனால் சூரிய ஒளியில் ஊதா நீலத்தைவிடக் குறைவு, நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்களுக்கும் ஊதாவில் உணர்திறன் குறைவு. வந்து சேரும் கலவையைக் கண் வெளிர்நீலமாக உணர்கிறது. வானத்தின் நிறத்தில் பாதி கணக்கு காற்றில் இருக்கிறது, மீதி உங்கள் விழித்திரையில்.

கே: அம்மீட்டரை மின்கலத்தின் இரு முனைகளிலும் நேராக இணைத்தோம். முள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது, திரும்பவே இல்லை. மின்னோட்டத்தின் மதிப்பு என்ன என்று எழுதுவது?

ப: ஒன்றும் எழுத வேண்டாம், அம்மீட்டர் போய்விட்டது. அதன் மின்தடை மிகக் குறைவு, அதனால்தான் சுற்றில் தொடராக இணைக்கிறோம். பக்கவாட்டில் இணைக்கவேண்டியது வோல்ட்மீட்டர். ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.