மகளின் பாஸ்போர்ட் ஐந்து மாதம்தான் செல்லும், போதுமா?

ஒன்பது வாரத்தில் பயணம், பாஸ்போர்ட்டில் ஐந்து மாதம் மிச்சம் என்றால் போதாதுங்க, இன்றே விண்ணப்பியுங்கள். பல நாடுகள் போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி கேட்கின்றன. ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) அங்கிருந்து திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம். குறைந்தால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சிறார் விண்ணப்பம் தாமதமாவது பெரும்பாலும் பெற்றோர் சம்மதத்தால்தான். பல நாடுகளில் தாய், தந்தை இருவரின் கையெழுத்தும் தேவை. ஒருவர் வெளியூரில் இருந்தால் அவருடைய சம்மதப் படிவத்தை முதலில் வாங்கிவிடுங்கள். அடுத்தது போட்டோ. பல நாடுகள் கேட்பது 35×45 மி.மீ. அளவு; வாய் மூடியிருக்கணும், தாங்கிப் பிடிக்கும் கை தெரியக்கூடாது. கைக்குழந்தை என்றால் வெள்ளைத் துணியில் படுக்கவைத்து மேலிருந்து எடுங்கள், நிழல் விழாமல்.

பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு: புதிய பாஸ்போர்ட்டில் எண் மாறிவிடும். விமான நிறுவனத்திடம் கொடுத்த விவரத்தை மாற்றுங்கள். ஆன்லைனில் வாங்கும் மின்-பயண அனுமதியைப் பழைய எண்ணில் வாங்கியிருந்தால் அது செல்லாது, புதிதாக வாங்கணும். பழைய பாஸ்போர்ட் புத்தகத்தில் விசா ஒட்டியிருந்தால் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அந்த விசா இன்னும் செல்லுமா என்று தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.