குரோஷே கம்பளிப் பையை வீட்டிலேயே ஃபெல்ட் செய்வது, அதாவது சுருக்கிக் கெட்டித் துணி போல ஆக்குவது எப்படி? வெந்நீரில் அலசியும் என் பை சுருங்கவே இல்லையே, ஏன்?

நூல்தான் காரணமாக இருக்கும். சென்னையில் பாரிமுனைப் பக்கம் 'உல்லன்' என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூலைத்தான் எடுத்துத் தருவார்கள், அதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஃபெல்ட் ஆகாது. நூலில் சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள்: முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி, உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக். லேபிளில் 'சூப்பர்வாஷ்' என்று இருந்தாலும் வேண்டாம், அது சுருங்காமல் இருக்கவே பதப்படுத்திய நூல்.

ஆட்டு முடியில் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, உரசல் மூன்றும் சேரும்போது அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, பிறகு பிரியாது. அதனால் வெந்நீர் மட்டும் போதாது, நன்றாக உரச வேண்டும்.

பையை வழக்கத்தைவிடப் பெரிய ஊசியில், தளர்வாக, தேவையான அளவைவிடப் பெரிதாகப் பின்னுங்கள். முதலில் 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, சுருக்கிப் பார்த்துக் கணக்குப் போடுவது நல்லது. (நான் சோம்பேறித்தனத்தால் விட்டேன், தோள்பை சில்லறைப் பையாகிவிட்டது.) அப்புறம் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, உரசலுக்குப் பழைய ஜீன்ஸ் ஒன்றோடு வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் ஓட்டுங்கள், உறை இல்லாவிட்டால் பஞ்சு போய் ஃபில்டரை அடைக்கும். மெஷின் இல்லையென்றால் பக்கெட், கையுறை, அரை மணி நேரம் கைவலி. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, மெட்ரோ தண்ணீர் பிடித்து வையுங்கள்.

தையல் கண்கள் மறைந்ததும் நிறுத்தி, முறுக்காமல் பிழிந்து, சரியான அளவு டப்பாவில் மாட்டி ஃபேன் காற்றில் காய வையுங்கள். ஐப்பசி மழையில் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம்.